படியேறினால் கட்டாகும் கார்ட்லெஸ் போன்: என் அனுபவம்

எங்கள் ஹோட்டலில் டெக்ட் (DECT) எனும் வகை கார்ட்லெஸ் போனில் பேசிக்கொண்டே படியேறினால் லைன் கட்டாகிவிடும். நின்று பேசினால் சிக்னல் முழுசாக இருக்கும். அதனால் ஆளாளுக்கு ஹேண்ட்செட்டையே திட்டினார்கள், பாவம்.

டெக்டில் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு நேரச் சுற்று, 10 மில்லிசெகண்ட்; அதில் 24 ஸ்லாட், அதாவது சின்ன நேரத் துண்டுகள். பக்கத்து பேஸும் (ஹேண்ட்செட்டுக்கு சிக்னல் தரும் பெட்டி) அதே தாளத்தில் ஓடினால்தான் பேச்சு அறுபடாமல் கைமாறும். செட்டிங்ஸில் பார்த்தால், மாடி பேஸ் மற்றவற்றோடு சிங்க் ஆகாமலே, அதாவது தாளம் சேராமலே, நிற்கிறது. இடையில் லிஃப்ட் சுவர்: கான்கிரீட்டும் கம்பியும். ஹேண்ட்செட்டுக்குக் கேட்டால் மட்டும் போதாது, ஒரு பேஸ் சொல்வது அடுத்த பேஸுக்கும் கேட்க வேண்டும்.

ரிசப்ஷன் பேஸைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றி, அதையே மற்ற பேஸ்கள் தாளம் பிடிக்கும் மாஸ்டராக்கினேன். கேபிள் இழுப்பதுதான் பெரிய ரோதனை. மூலையிலிருந்த பேஸுக்கு மாஸ்டர் எட்டவில்லை. அதனால் அதை, இடையில் இருக்கும் பேஸைப் பின்பற்றும்படி மாற்றிவிட்டேன். இப்போது பேசிக்கொண்டே மொட்டைமாடி வரை போகிறார்கள்.