'அ'வுக்கு முன்னால் ட, ப, ம
மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குத் தமிழ் எழுத்தை 'அ'விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. அதன் சுழிப்பு சின்னக் கைக்குக் கடினம். முதலில் ட, ப, ம காட்டுங்கள். ட, ப இரண்டும் நேர்கோடுகள்தான். ம-வில் மட்டும் கொஞ்சம் வளைவு. தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதட்டும், பென்சிலுக்கு அவசரமே இல்லை. அப்புறம் புள்ளி வைத்த ட், ம் இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று குழந்தையே எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தானே ஒரு சொல்லைப் படித்த சந்தோஷம் அவ்வளவு பெரியது! இரவில் கதை வாசிக்கும்போது சொற்களுக்கு அடியில் விரலை ஓட்டுங்கள். அதே கதையை மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் வாசியுங்கள், அடுத்த வரியைக் குழந்தையே சொல்லத் தொடங்கும்.