கார் லைற் விட்டு விட்டு எரிகிறதா? பற்றரி வாங்க ஓடாதீர்கள்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் போனவர்களுக்குத் தெரியும். நெடுந்தூரத்துக்குக் காடுதான், ரோட்டில் யானை நின்றால்கூட நம்முடைய லைற் பட்டால்தான் தெரியும். அங்கே வைத்துத்தான் என் காரின் ஹெட்லைற் துடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த மச்சான், "ஆருக்கடா சிக்னல் குடுக்கிறாய்?" என்று கேட்டான். மறுநாள் ஒரு கராஜில் "பற்றரி போட்டுது" என்றார்கள். புதுசு போட்டேன். இரண்டே நாளில் பழைய குறுக்கால போன துடிப்பு. கடைசியில் பார்த்தால், பற்றரியிலிருந்து காரின் இரும்புப் பொடிக்கு வரும் கறுப்பு வயரின் போல்ட் தளர்ந்து, அடியில் துரு. கிறவல் ரோட்டில் தினமும் குலுங்கினால் வேறென்ன நடக்கும்?

அதனால் சாமானை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி. துடிப்பது எல்லா லைற்றுமா, ஒன்று மட்டுமா?

இருட்டின பிறகு காரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற், உள்லைற், டாஷ்போர்ட் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு பக்க ஹெட்லைற் மட்டும் என்றால் கோளாறு அந்த பல்புக்குக் கிட்டத்தான். பல்பின் பின்னாலுள்ள ஹோல்டரை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது அணைந்து எரிந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். உள்ளே பிளாஸ்ரிக் கருகியிருந்தால் சுத்தம் செய்து பிரயோசனமில்லை, ஹோல்டரை மாற்ற வேண்டும். புது ஹலோஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். இரண்டு ஹெட்லைற்றும் மட்டும் துடித்தால் சுவிச், ரிலே (சுவிச்சைப் போட்டதும் லைற்றுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி) பக்கம் பாருங்கள். கடையில் வாங்கிய எல்ஈடி பல்பைப் போட்ட பிறகுதான் துடிப்பு வந்ததா? பழைய பல்பைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சில கார்கள் பல்புக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் கொடுக்கும். ஹலோஜனில் அது தெரியாது, எல்ஈடியில் தெரியும்.

எல்லாமே துடிக்கிறது என்றால் பொனற்றைத் திறக்க வேண்டியதுதான்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு பற்றரியின் இரண்டு முனையையும் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சமும் அசையக் கூடாது. வெள்ளை, பச்சைப் பூப்பு இருந்தால் கழற்றுங்கள். கழற்றும்போது கறுப்பு முதலில், பூட்டும்போது கறுப்பு கடைசியில். இதை மாற்றிச் செய்து ஸ்பனர் பொடியில் முட்டினால் நெருப்புப் பறக்கும். ஒரு கப் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும். கண்ணில் தெறிக்காமலும் பற்றரிக்குள் போகாமலும் கவனம். காய்ந்த பிறகு இறுக்கி, மேலே கொஞ்சம் வஸ்லின் பூசிவிடுங்கள்.

அப்புறம் என்னை அலைக்கழித்த அந்தக் கறுப்பு வயர். அதன் மறு முனை பொடியிலும் எஞ்சினிலும் போல்ட் போட்டிருக்கும். பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் நம்ப வேண்டாம். சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றை 20 வோல்ற் டிசியில் வையுங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைற் எரிய, ஒரு முனையைப் பற்றரியின் கறுப்புக் குமிழிலும் மற்றதைப் பெயின்ற் இல்லாத பொடி இரும்பிலும் தொடுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த், அதாவது கறுப்பு வயர் பொடியோடு சேரும் தொடுப்பு, சரியில்லை. போல்டைக் கழற்றி, எமெரிப் பேப்பரால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்குங்கள்.

மீற்றர் கையில் இருக்கும்போதே பற்றரியையும் அளந்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் அளவு இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கம்பியூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும், பயப்பட வேண்டாம். 15ஐத் தாண்டினாலோ 13க்குக் கீழே நின்றாலோ, எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்ரனேற்றரில் சந்தேகம். எஞ்சினை நிறுத்தி அதைச் சுழற்றும் பெல்டையும் பாருங்கள். வெடிப்பு, தளர்வு, மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடியதும் "கிரீச்" சத்தம் எல்லாம் பெல்ட் பழுதான அறிகுறி. பற்றரி வயரை எஞ்சின் ஓடும்போது கழற்றிச் சோதிப்பது பழைய பழக்கம். இன்றைய கார்களில் அது கம்பியூட்டரையே எரித்துவிடலாம்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் (பெற்றோலோடு மின்மோட்டரிலும் ஓடுவது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அவற்றில் ஓல்ரனேற்றரே கிடையாது. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொட வேண்டாம், அதற்குத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வயலோரம், வைக்கோல் பட்டடைக்குப் பக்கம் கார் நிறுத்துபவர்கள் எலி கடித்த வயரையும் தேடுங்கள். பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் கடதாசியைச் சுற்றி வைத்த கார் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்; வயர் முழுக்க உருகியிருந்தது.

நடுக்காட்டில் எல்லா லைற்றும் மங்கத் தொடங்கினால் ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எஞ்சினை மட்டும் நிறுத்தாமல் ஆள் நடமாட்டமுள்ள சந்திவரை மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் ஆகாமல் போகலாம்.