போருக்குப் போன பூட்டனைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதராஸ் மாகாணத்திலிருந்து உலகப் போர்களுக்குப் போய்த் திரும்பாதவர்களைத் தேடும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "கல்லறை எங்கே இருக்கிறது?" என்றுதான். பலருக்குக் கல்லறையே கிடையாது. இந்து, சீக்கிய வீரர்களின் உடலை எரியூட்டுவதே வழக்கம். உடல் கிடைக்காமல் போனவர்களும் உண்டு. இவர்களின் பெயர்கள் இறந்த போர்முனைக்கான நினைவுச் சின்னத்தில் சேர்க்கப்பட்டன. பிரான்ஸ் என்றால் நூவ் ஷாப்பெல், மெசபடோமியா (இன்றைய ஈராக்) என்றால் பாஸ்ரா, இரண்டாம் போரில் மலாயா என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி, பர்மா என்றால் ரங்கூன் நினைவுச் சின்னம். சென்னை நந்தம்பாக்கம் போர் மயானத்தில் பெயர் இல்லை என்பதால் 'அவர் போரில் சாகவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. அங்கே இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் போர்க் கல்லறைகள். முதல் போருக்கென்று அங்குள்ள நினைவுச் சின்னமும், இந்தியாவில் ஆங்காங்கே புதைக்கப்பட்டு, கல்லறையைத் தொடர்ந்து பராமரிக்க முடியாமல் போனவர்களுக்கானது.

பாஸ்ராவில் இன்னொரு சிக்கல். இந்திய அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் பொறித்தவர்கள், சாதாரணச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாகப் பொறித்தார்கள். கல்லின் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றம்தான். இந்த மயானங்களையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையப் பட்டியலில்தான் தேட வேண்டும்.

அதிகம் சறுக்குவது அந்தப் பட்டியலில்தான். இன்று நாம் எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே தட்டினால் ஒன்றும் வராது. அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். குப்புசாமியின் 'கு' அவருக்கு கே, யு அல்ல. சி, ஓ, ஓ. 'சாமி'க்கு நடுவில் ஒரு டபிள்யூ. முனுசாமி ஓரிடத்தில் முனிசாமி, இன்னோரிடத்தில் மூனூஸ்வாமி. ஆகவே ஐந்தாறு விதமாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் என்பதால் அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டு, முதல் பெயரைக் காலியாக விடுங்கள். இந்தியப் படை என்று வடிகட்டுங்கள். கூடுதல் தகவல் பகுதியில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா இருக்கலாம். அங்கே வேலூர் மாவட்டம் என்று தேடாதீர்கள், அன்று அது வட ஆற்காடு. தகப்பன் பெயரும் ஊரும் ஒத்துவராதவரை, பெயர் மட்டும் பொருந்துகிறது என்று 'இவர்தான்' எனக் குடும்ப மரத்தில் ஏற்றிவிட வேண்டாம். ஒரே படைப்பிரிவில் நாலு முனுசாமிகள் இருந்திருப்பார்கள்.

தேதியைக் குறுக்குவதும் தவறு. ஆணையத்தின் கணக்கில் முதல் போர் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் போர் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. 1919இல் காய்ச்சலில் இறந்த சிப்பாயும் பட்டியலில் இருப்பார். ஆனால் இரண்டாம் போரில் ஜப்பானியர்கள் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைப் படைவீரர் பட்டியலில் தேடிப் பயனில்லை. அவர்கள் படையில் இல்லை. அந்தப் பாதையை ஒட்டித் தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரி போர் மயானம் போர்க் கைதிகளுக்கானது.

வீட்டில் பதக்கம் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் போரின் வட்டப் பதக்கங்களின் விளிம்பில், நட்சத்திரப் பதக்கங்களின் பின்புறத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணும் படைப்பிரிவும் கிடைத்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. தேய்க்கத் தேய்க்க முதலில் மழுங்குவது அந்த மெல்லிய எழுத்துதான். முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த வெண்கல நினைவுத் தகட்டில் பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. அதிகாரியா சிப்பாயா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சில ஊர்களில் 'இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள்' என்ற பளிங்குப் பலகை இருக்கும். பெயர்கள் இருக்காது என்பதால் குடும்பக் கதைக்கு இது துணைச் சான்றுதான், ஆதாரமல்ல. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து எழுத்துக் குழியை அடைத்துவிடுகிறார்கள். பிறகு கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுகிறார்கள். பளிங்கும் சுண்ணாம்பும் ஒரே கால்சியம் கார்பனேட், அமிலம் இரண்டையும் சேர்த்தே கரைக்கும். கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர், எழுத்துக்குக் கறுப்பு எனாமல் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், குழிக்கு மூங்கில் குச்சி போதும். கல் உதிர்ந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். படிப்பதற்கு மாவோ சாக்பீஸோ பூச வேண்டியதில்லை. அந்தி சாய்ந்ததும் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தோடு ஒட்டினாற்போல் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும். நாலு பக்கமிருந்தும் அடித்து நாலு படம் எடுங்கள். மேலிருந்து தெரியாத எழுத்து இடப்பக்க ஒளியில் தெரியும். ஆணையத்தின் மயானக் கல் என்றால் கை வைக்க வேண்டாம், பராமரிப்பு அவர்களுடையது. உடைந்தோ எழுத்துப் பிழையோ இருந்தால் கல்லின் வரிசை, எண்ணைக் குறித்து அவர்களுக்கு எழுதுங்கள்.