புரத உணவை மாற்றும்போது குடல் நுண்ணுயிரிகளையும் கவனியுங்கள்

சாப்பிடும் புரதத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். செரிக்காமல் தப்பும் சில கிராம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு நார்ச்சத்து கிடைத்தால் அதை நொதிக்க வைத்து, குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருளாகும் பியூட்டிரேட்டைத் தரும். நார் தீர்ந்துவிட்டால் புரதத்தில் கைவைக்கும். அப்போது அம்மோனியா, பி-கிரெசால், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கழிவுப்பொருட்கள் எல்லாம் கூடும். வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் வருவது கடைசியாகச் சொன்னதால்தான்.

ஆகவே எத்தனை கிராம் புரதம் என்பதோடு, கூடவே என்ன வருகிறது என்றும் பாருங்கள். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் புரதம் சுமார் 9 கிராம், நார் 7 கிராமுக்கு மேல். இரண்டு முட்டையில் புரதம் 12 கிராம், நார் சுத்தமாக இல்லை. முட்டை, மீன், இறைச்சி சாப்பிடும் வேளையில் தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு அடிப்படைத் தேவை, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், 60 கிலோ என்றால் 48 கிராம். இதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

பயறுக்கு மாறுபவர்கள் பெரும்பாலும் தவறுவது அவசரத்தில்தான். பயறிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் குடலில் கிடையாது. பாக்டீரியாக்கள்தான் உடைக்கின்றன, வாயு அதன் விளைவு. முதல் வாரம் தினமும் வெந்த பயறு 40 கிராம், அடுத்த வாரம் 80 கிராம் என ஏற்றுங்கள். 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள்: நடுவில் வெள்ளையாகக் கெட்டியான பகுதி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. சிவப்பு ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, பேதியைக் கொண்டுவரும். அதைத் தளதளவெனக் கொதிக்கவிட்டே வேகவைக்க வேண்டும்.

சிவப்பு இறைச்சியிலுள்ள கார்னிட்டின் என்ற சேர்மத்தை பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்ற, கல்லீரல் அதை டிஎம்ஏஓ (டிரைமெத்திலமைன் என்-ஆக்சைடு) ஆக்குகிறது. ரத்தத்தில் இது மிகுந்திருப்பதற்கும் இதயநோய்க்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. அடிக்கடி இறைச்சி உண்பவர்களின் குடலில் டிரைமெத்திலமைன் அதிகம் உண்டாகும். அளவைக் குறையுங்கள், கருகவிடாதீர்கள்.

புரதப் பவுடரால் வயிறு உப்பினால் லேபிளைப் பாருங்கள். பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தில், கான்சன்ட்ரேட் வகையில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) இருக்கும், ஐசோலேட் வகையில் மிகக் குறைவு. சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகளும் காரணமாகலாம்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரத அளவை மாற்றக்கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தால் உணவு மாற்றத்தால்தான் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.