ஊர் தப்பாகப் புரிந்துகொள்ளும் பிள்ளையை எழுதுவது எப்படி

மாயாஜால நாவல் எழுதுகிறவர்கள் பிழைதிருத்தச் சொல்லி என்னிடம் தரும் பிரதிகளில் பெரும்பாலும் ஒரே பிள்ளைதான் வருகிறது. ஊருக்குப் புதுசு, யாருக்கும் ஆகாது, உள்ளுக்குள் பெரிய சக்தி. பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். ஊர்தான் சரியாக இருக்காது. அத்தனை பேரும் காரணமில்லாத முரடர்கள். முட்டாள் தப்பாகப் புரிந்துகொண்டால் அதில் என்ன முரண்நகை, அதாவது நினைப்பதற்கு நேர்மாறாக உண்மை இருக்கும் வேடிக்கை? விவரம் தெரிந்தவன் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் முதலில் ஊருக்கு ஒரு நியாயம் கொடுங்கள். நான் வேலூர்க்காரி, எனக்குப் பாலாறுதான் தோன்றும். மேலே வெறும் மணல். ஊற்று தோண்டினால் அடியில் தண்ணீர். அப்படியோர் ஆற்றங்கரைக்கு, மண்ணுக்கடியில் நீர் ஓடும் சத்தம் கேட்கிற பெண் ஒருத்தி வருகிறாள் என்று வையுங்கள். ராத்திரியில் மணலில் காதை வைத்துப் படுக்கிறாள், விடிவதற்குள் குழி தோண்டுகிறாள். போன தலைமுறையில் மணலைத் தோண்டித் தோண்டி விற்றுத்தான் அந்த ஊர் ஆற்றைப் பறிகொடுத்தது. இப்போது ஒரு கிழவி, "இன்னா இந்தப் பொண்ணு, ஆத்தத் தோண்டிக்கினே கீது" என்று பதறினால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

ஊர் கூடி அவளை விரட்டுகிறது. அவள் நின்ற இடத்தைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் வேண்டும். அவள் தோண்டிய ஊற்றிலிருந்துதான் மொண்டு வருகிறார்கள்.

இது வேலை செய்ய வேண்டுமானால் அந்த ஊற்று வாசகருக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். இரண்டு அத்தியாயம் முன்னால், கரை சரியாமலிருக்க அவள் சுற்றிலும் உடைந்த ஓட்டுச்சில்லுகளைப் பதிக்கட்டும். பிறகு குடம் சில்லில் இடித்தது என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

முரண்நகையைப் பேச்சில் கொண்டுவருவதற்கு ஔவையைவிட நல்ல வாத்தியார் இல்லை. புறநானூறு 95-இல், அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் வீட்டில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். திட்டு ஒன்றுகூட இல்லை. உங்கள் பெண்ணும் கோபம் வரும்போது இப்படிப் பாராட்டிப் பேசட்டும்.

அவளும் எதையாவது தப்பாகப் புரிந்துகொள்ளட்டும், இல்லையென்றால் அவள் சாமி சிலையாகிவிடுவாள். எங்கள் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்பார்கள். அவள் அகழியோரம் வரும்போதெல்லாம் காவல்கார தாத்தா தப்பட்டை அடிக்கிறார். தன்னை விரட்டத்தான் என்று நினைத்து அவரை வெறுக்கிறாள். அவர் விரட்டுவது முதலையை.

ஊரே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும் கடைசி அத்தியாயத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் சாமி இல்லாமல் நின்றது. லிங்கம் கோட்டைக்கு வெளியே சத்துவாச்சாரியில் இருந்தது, 1981-இல்தான் உள்ளே வந்தது. அதுபோல உங்கள் ஊரும் அவளுக்கு ஒரு மண்டபம் கட்டட்டும், அவள் ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கட்டும். மண்டபத் திருவிழாவுக்கு அவளிடமே வரி கேட்டு ஆள் போகலாம், அந்தக் காட்சியை நான் ஆசையாகப் படிப்பேன்.

எழுதி முடித்ததும் "பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்" என்ற மாதிரி வரிகளைத் தேடி அடித்துவிடுங்கள். அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் அவை அதிகம் ஒளிந்திருக்கும்.