ஆன்ட்டிவைரஸிலேயே ஓட்டை இருக்கிறதா? விண்டோஸ் கணினியில் சரிபார்க்கும் முறை

ஓராண்டுக்கு முன் காலாவதியானதும் நீக்கிவிட்டேன் என்று நான் நம்பியிருந்த ஓர் ஆன்ட்டிவைரஸின் டிரைவர் (விண்டோஸின் ஆழத்தில் இயங்கும் சிறு நிரல்), என் மடிக்கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதைச் சென்ற மாதம் கண்டேன். அதைச் சரிசெய்ய இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அந்த அனுபவத்தைக் கொண்டு, விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆன்ட்டிவைரஸ் என்பது, முன்பின் தெரியாத கோப்புகளையெல்லாம் நமக்கு முன்பாகத் தானே பிரித்துப் பார்க்கும் மென்பொருள். அதையும் கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு செய்கிறது. ஆகவே பிரித்துப் பார்க்கும் நிரலில் பிழை இருந்தால், கோப்பை நாம் திறக்காவிட்டாலும் ஆபத்துதான். மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி, 2016இல் சைமன்டெக், நார்ட்டன் தயாரிப்புகளில் இத்தகைய பிழைகளைக் கண்டறிந்தார். சுருக்கப்பட்ட நிரல்களைப் பிரிக்கும் பகுதி விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இயங்கியதால், தீய கோப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தாலே போதுமானதாக இருந்தது.

முதல் படி: எஞ்சின் எண்

விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்ட்டிவைரஸின் பெயர் டிஃபெண்டர். அதன் எண்ணைப் பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, இடப்பக்கம் கீழே உள்ள ‘செட்டிங்ஸ்’, அதனுள் ‘அபவுட்’ என்று செல்லுங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். அங்கே ‘ஆன்ட்டிவைரஸ் வெர்ஷன்’ என்று ஓர் எண் இருக்கும். பெயரைப் பார்த்து அதுவே மென்பொருளின் பதிப்பு என்று நினைத்தேன். உண்மையில் அது வைரஸ் அடையாளப் பட்டியலின் எண் மட்டுமே. கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் நிரலின் பதிப்பு ‘எஞ்சின் வெர்ஷன்’ என்ற வரியில் இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டை பற்றிய அறிவிப்பில் அந்த நிரலின் பிழை குறிப்பிடப்பட்டால், ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஒப்பிடும்போது, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எண்களில் மூன்றாவது தொகுதியைக் கவனியுங்கள். 2017 மே மாதத்தில் ஆர்மண்டியும் நடாலி சில்வனோவிச்சும் டிஃபெண்டரின் ஜாவாஸ்கிரிப்ட் ஆய்வுப் பகுதியில் கண்ட ஓட்டை, 1.1.13704.0 என்ற எஞ்சினில் அடைக்கப்பட்டது. அவர்கள் தெரிவித்த சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்டது. 2021 ஜனவரியில் இன்னொரு ஓட்டை, திருத்தம் வருமுன்பே தாக்குதலாளர்களால் பயன்படுத்தப்பட்டது. அதற்கான திருத்தம் 1.1.17700.4இல் வந்தது. 17600 என்று இருந்த கணினிகள் ஆபத்தில் இருந்தன, 17700 என்று இருந்தவை தப்பின. இன்றைய எஞ்சின் எண்ணை மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்புப் புதுப்பிப்புப் பக்கத்தில் காணலாம்.

உங்கள் எண் பின்தங்கியிருந்தால், ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’ பகுதியில் ‘ப்ரொடெக்ஷன் அப்டேட்ஸ்’ சென்று ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். வைஃபை இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவு வரையறுக்கப்பட்டது) என்று குறித்திருந்தால் சில புதுப்பிப்புகளை விண்டோஸ் தள்ளிப்போடும். அந்தக் குறியை முதலில் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பழைய ஆன்ட்டிவைரஸின் மிச்சம்

ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து, ‘சாஃப்ட்வேர் என்விரான்மென்ட்’ என்பதன் கீழ் ‘சிஸ்டம் டிரைவர்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். நீக்கிவிட்ட நிறுவனத்தின் டிரைவர் அங்கே ‘ரன்னிங்’ என்று இருந்தால், அதற்கு இனி எந்தத் திருத்தமும் வராது என்பதே என் கவலை. அவாஸ்ட், ஏவிஜி இரண்டும் பயன்படுத்திய ரூட்கிட் (கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் தீய நிரல்) எதிர்ப்பு டிரைவரில் பல ஆண்டுகள் மறைந்திருந்த இரு ஓட்டைகளை சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்து தெரிவித்தனர். 2022 பிப்ரவரியில் வந்த 22.1 பதிப்பில் அவை அடைக்கப்பட்டன. பழைய டிரைவரை வைத்திருந்தவருக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை.

டிரைவர் கோப்பை நேரடியாக அழிக்க முயலாதீர்கள். கணினி தொடங்காமல் போகலாம். அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலையில்) இயக்குங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ வழியாக மீண்டும் தொடங்கி, 4ஆம் எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு வரும். எல்லாவற்றையும் துடைப்பதாகச் சொல்லும் மூன்றாம் தரப்புக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: ஹெச்டிடிபிஎஸ் ஆய்வு

பூட்டப்பட்டு வரும் ஹெச்டிடிபிஎஸ் இணைப்புகளையும் சில ஆன்ட்டிவைரஸ்கள் பிரித்துப் படிக்கின்றன. அதை அறிய, குரோமில் வங்கித் தளம் ஒன்றைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தை அழுத்தி, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை யார் வழங்கியிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் ஆன்ட்டிவைரஸின் பெயர் இருந்தால், அது உங்கள் இணைப்பின் நடுவே அமர்ந்து படிக்கிறது என்று பொருள். காஸ்பர்ஸ்கி இந்த வேலையில் சான்றிதழ்களை வெறும் 32 பிட் எண்ணால் அடையாளம் கண்டதை 2016இல் ஆர்மண்டி சுட்டிக்காட்டினார். அவ்வளவு சிறிய எண்ணில் இரு தளங்களின் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று குழம்புவது எளிது. அந்தப் பிழை அப்போதே திருத்தப்பட்டது. ஆயினும் என் கணினியில் இந்த வசதியை எப்போதும் அணைத்தே வைக்கிறேன்.

விண்டோஸ் 11இல் இன்னொன்றும் செய்யுங்கள். ‘டிவைஸ் செக்யூரிட்டி’யில் ‘கோர் ஐசொலேஷன்’ விவரங்களுக்குச் சென்று, ஓட்டையுள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியல் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை: சேஃப் மோடுக்குச் சென்றபோது வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கணினி கேட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். என் கணினியில் பிட்லாக்கர் இல்லாததால் இதை நான் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாம் படியைத் தொடங்குமுன், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கச் சாவி அங்கே இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில், உள்நுழையப் பயன்படுத்தும் பின் (PIN) எண் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால், கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும்.