உப்புக்காற்றில் எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி.: இணைப்பதும் கழற்றுவதும்

கீழக்கரைக் கல்யாண வீடியோவோ, மன்னார் வளைகுடாப் பவளப்பாறைப் பதிவோ, எதை ஏற்றினாலும் திரையில் 100 சதவீதம் வந்தவுடன் எஸ்.எஸ்.டி. டிரைவை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் சேமிப்புக் கருவி) பிடுங்காதீர்கள். கடைசிக் கொஞ்சம் தரவைக் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு எழுதக்கூடும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை டிரைவுக்குள் உள்ள கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சிப்பும் அப்போதுதான் பதிந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கு பாதியில் அறுந்தால் பழைய கோப்புகளும் சேர்ந்து போகலாம். சுழலும் தட்டு இல்லாததால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது தவறு.

விண்டோஸில் கழற்றும் முறை:

1. எடிட்டிங் மென்பொருள், வீடியோ பிளேயர், அந்த டிரைவின் ஃபோல்டர் எல்லாவற்றையும் மூடுங்கள்.
2. டாஸ்க்பாரின் வலது மூலையில் யுஎஸ்பி ஐகானை அழுத்தி, டிரைவின் பெயருக்கு நேரே உள்ள எஜெக்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.
3. கழற்றலாம் என்ற செய்தி வந்து, விளக்கும் அணைந்தபின் பிளக்கைப் பிடித்து நேராக இழுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள்.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், 'குயிக் ரிமூவல்' (தரவை நினைவகத்தில் தேக்காமல் உடனே டிரைவில் எழுதும் முறை) தான் இயல்பான அமைப்பு. அதை நம்பி எஜெக்ட்டை விட்டுவிட வேண்டாம். ஏதாவது ஒரு மென்பொருள் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்தால் அந்த அமைப்பு காப்பாற்றாது.

டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து 225 என்ற நிகழ்வு எண்ணைத் தேடுங்கள். எந்த மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் அங்கே இருக்கும். அப்படியும் விடாவிட்டால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் செய்து, முழுக்க அணைந்தபின் கழற்றுங்கள். லேப்டாப்பை மூடி வைப்பது வெறும் தூக்கம்தான், அந்த நிலையில் பிடுங்கக் கூடாது. மேக்கில் பெரும்பாலும் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி கோப்புகளுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். சில நிமிடம் பொறுத்தால் விட்டுவிடும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியிலேயே எஜெக்ட் உண்டு.

இனி நம் கரைக்கே உரிய சிக்கல். பாம்பனிலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் நீங்கள் பிடுங்காமலே உப்பு பிடுங்கிவிடும். காற்றில் வரும் உப்பு பிளக்கின் தொடுமுனைகளில் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தங்கப்பூச்சு தேய்ந்த இடத்தில் களிம்பு பிடிக்கும். தொடர்பு தளர்ந்தால் மின்தடை கூடி, டிரைவுக்குப் போகும் மின்னழுத்தம் குறையும். எழுதும்போது டிரைவ் அதிக மின்சாரம் இழுப்பதால் அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிடும். படிக்கும்போது ஒழுங்காக ஓடி, பெரிய கோப்பு ஏற்றும்போது மட்டும் அறுந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் இருக்க வேண்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் மெகாபைட் ஏற்றிய டிரைவ் திடீரென்று 40-க்கு இறங்கினாலும் அதுவே காரணமாக இருக்கலாம்: யுஎஸ்பி 3-க்கான முனைகள் ஒட்டாமல் யுஎஸ்பி 2-க்கு விழுந்திருக்கும். (தொடக்கத்தில் வேகமாக ஓடி, பல ஜிபி போனபின் மெதுவாகக் குறைந்தால் அது வேறு, கேஷ் (டிரைவின் வேகமான தற்காலிக இடம்) நிரம்பியது அல்லது டிரைவ் சூடானது.) டிரைவோடு வந்த குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள், மாற்றாக ஒன்று கைவசம் இருக்கட்டும்.

சுத்தம் செய்ய இரு முனையையும் கழற்றிவிட்டு, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் புளோவரால் மணலை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நார் உதிராத துணியில் லேசாக நனைத்துப் பிளக்கைத் துடைத்து, 10 நிமிடம் காய விடுங்கள். ஊசியோ எண்ணெயோ வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் டிரைவைப் போர்ட்டிலேயே விட்டுவைக்காதீர்கள்: ஈர உப்பும் 5 வோல்ட்டும் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து தனுஷ்கோடி மணலுக்கு நேராகக் கொண்டுபோனால் குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். ஜிப் கவரில் மூடியே எடுத்துச் சென்று, வெளிச்சூட்டுக்கு வந்தபின், சுமார் அரைமணி கழித்துத் திறங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் வைக்க வேண்டாம். ஐபி65 என்ற தரம் தூசிக்கும் பீய்ச்சும் நீருக்கும்தான், கடலில் விழுவதற்கு அல்ல. எந்த டிரைவாக இருந்தாலும் ஈரத்தோடு இணைக்கக் கூடாது.

எழுதும்போது அறுந்துவிட்டால், மறுபடி இணைக்கையில் 'ஃபார்மேட் செய்யவா?' (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவா?) என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிதாக எதுவும் ஏற்றாமல், திறக்கும் கோப்புகளை முதலில் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். அதன் பிறகுதான் டிரைவின் பிராப்பர்டீஸில் டூல்ஸ் போய் பிழை சரிபார்ப்பை ஓட்ட வேண்டும். டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, அதனால் இந்தச் சேதம் அதில் எளிதில் வரும். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துவோர் ஜர்னல் உள்ள என்டிஎஃப்எஸ் முறையில் வைத்துக்கொள்ளலாம். கேமராவின் மெமரி கார்டை மட்டும் இரண்டு டிரைவில் ஏற்றி, கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்க்கும் வரை அழிக்காதீர்கள். டிரிம் (அழித்த கோப்பின் இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் கட்டளை) ஓடிவிட்ட எஸ்.எஸ்.டி.யிலிருந்து அழிந்த கோப்பை மீட்பது அநேகமாக நடக்காது.